மறுமுனையில் யார்?

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லைக் கண்டால் அதன் பொருளோடு அமையாமல், அச்சொல் எந்தக் காலத்துத் தாளில், யாரைக் குறித்து வழங்கியது என்பதையும் உடன் எண்ணிப் பார்ப்பர். அரசாங்கத் தாள்களைத் தமிழாக்கும் எங்கள் மேசைக்குத் தொலைபேசி பற்றிய படிவங்களும் அறிவிப்புகளும் விதிகளும் பல வந்துள்ளன. அவற்றைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை புலப்பட்டது. தொலைபேசியை நாடி நிற்கும் மனிதர் ஒருவரே. அவருக்கு இடப்பட்ட பெயர்களோ நான்கு. முதலில் அவர் சந்தாதாரர், பின்னர் விண்ணப்பதாரர், அதன் பின்னர் வாடிக்கையாளர், இறுதியில் நுகர்வோர்.

இந்நான்கு பெயர்களும் நான்கு காலங்கள். அந்நான்கு காலங்களையும் இன்று ஒருமுறை சுற்றி வருவோம். மன்னர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையுமே வரலாறு என்று படித்துப் பழகிய நமக்கு, வீட்டு மூலையில் சிறு மேசைமேல் துணி போர்த்து வைக்கப்பட்டிருந்த ஒரு கறுப்புக் கருவியின் கதை அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் குடிமக்கள் நாள்தோறும் பட்ட இன்னலும் பெற்ற இன்பமும் அக்கதையில் அடங்கியுள்ளன. எல்லாக் காலத்திலும் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: நாம் அழைத்தால் மறுமுனையில் யார் பேசுவார்? எவரும் பேசாவிட்டால் யாரிடம் முறையிடுவது?

அலெக்சாண்டர் கிரகாம் பெல் அமெரிக்காவில் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-இல். நான்கே ஆண்டுகளில், 1880-இல், இரண்டு ஆங்கிலக் கம்பெனிகள் இந்திய அரசாங்கத்தை அணுகி, இந்நாட்டு நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் நிறுவ அனுமதி வேண்டின. தந்தியைப் போலவே தொலைபேசியும் அரசாங்கத்தின் தனியுரிமை என்று கூறி அரசாங்கம் மறுத்துவிட்டது. ஓராண்டில் மனம் மாறியது. கல்கத்தா, பம்பாய், சென்னை, அகமதாபாத் ஆகிய நான்கு நகரங்களில் இணைப்பகம் அமைக்க ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிக்கு 1881-இல் உரிமம் வழங்கப்பட்டது. இந்நான்கனுள் அகமதாபாத்தின் பெயரை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இக்கதையின் முடிவில் அந்நகருக்கு மீண்டும் வருவோம்.

1882-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள், கவர்னர் ஜெனரலின் ஆலோசனை சபை உறுப்பினராயிருந்த மேஜர் பேரிங், கல்கத்தா, பம்பாய், சென்னை இணைப்பகங்கள் திறக்கப்பட்டதாக அறிவித்தார். கல்கத்தாவின் இணைப்பகம் கவுன்சில் ஹவுஸ் தெருவில் 7-ஆம் எண் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. அதன் சந்தாதாரர் 93 பேர். அந்நாளில் தொலைபேசி வைத்திருந்தோர் பெரும்பாலும் வணிக நிறுவனத்தார், அரசு அலுவலகத்தார், செல்வர். சந்தா செலுத்திச் சேர்ந்ததொரு சிறு கழகத்தின் உறுப்பினர் போன்றவர் அவர். ஆதலின் சந்தாதாரர் என்ற சொல் அக்காலத்திற்கு நன்கு பொருந்தியது.

அக்காலத்துத் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றும் வட்டத் தட்டு கிடையாது. கருவியின் கைப்பிடியைச் சுழற்றினால் இணைப்பகத்துப் பலகையில் ஒரு சிறு தகடு விழும். அதைக் கண்டு இணைப்பாளர் குரல் கொடுப்பார். வேண்டிய எண்ணைக் கூறினால், கயிறு போன்ற கம்பியின் நுனியை உரிய துளையில் செருகி இணைத்து வைப்பார். ஆக, மறுமுனையில் முதலில் பேசியவர் எப்போதும் ஒரு மனிதரே. பெருநகரங்களில் ஆங்கிலோ-இந்தியப் பெண்கள் பலர் இப்பணியில் இருந்தனர். சிற்றூர்களில் இணைப்பாளர் ஊர்ச் செய்தி முழுவதும் அறிந்தவராயிருப்பார். டாக்டரின் எண்ணைக் கேட்டால், அவர் வீட்டில் இல்லை, வெளியூர் போயிருக்கிறார் என்று இணைப்பாளரே சொல்லிவிடுவதும் உண்டு. இது இன்பம். நம் பேச்சை அவர் ஒட்டுக் கேட்கிறாரோ என்ற ஐயமும், அவசர வேளையில் அவர் காட்டும் சலிப்பும் துன்பம்.

இவ்வையம் ஒரு பெருங் கண்டுபிடிப்புக்கே காரணமாயிற்று என்பர். அமெரிக்காவில் ஆல்மன் ஸ்டிரோஜர் என்பவர் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்து தரும் தொழிலினர். தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பகத்தில் இருந்தோர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகின்றனர் என்று அவர் ஐயுற்றதாகக் கூறுவர். இணைப்பாளர் இன்றித் தானே இயங்கும் இணைப்பகத்தை வடிவமைத்து, 1891-இல் அவர் காப்புரிமை பெற்றார். ஒரு சந்தாதாரரின் மனக்குறை உலகத்தின் தொலைபேசி முறையையே மாற்றியது. இந்தியாவின் முதல் தானியங்கி இணைப்பகம் 1913-14-இல் சிம்லாவில், 700 இணைப்புகளுடன் அமைந்தது. கோடையில் அரசாங்கமே மலையேறிச் சென்று தங்கும் ஊரன்றோ அது! வசதி எப்போதும் அதிகாரத்தின் வாசலில்தான் முதலில் இறங்கும்.

கல்கத்தா, பம்பாய், சென்னைத் தொலைபேசிக் கம்பெனிகளை 1943-இல் அரசாங்கம் தானே ஏற்றுக்கொண்டது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் இருந்த இணைப்புகள் ஏறத்தாழ 80,000. மக்கள் தொகையோ 34 கோடிக்கு மேல். நாலாயிரம் பேருக்கு ஒன்று என்ற கணக்குக்கூட எட்டவில்லை. 1948-இல் பெங்களூரில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அதுவரை அயல்நாட்டிலிருந்து வந்த கருவி நம் மண்ணிலேயே உருவாகத் தொடங்கியது.

வெளியூருடன் பேச டிரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். அதில் சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று வகை. அவசரத்திற்குக் கட்டணம் இரு மடங்கு. மின்னலுக்கு எட்டு மடங்கு. சாதாரண அழைப்பைக் காலையில் பதிவு செய்தவர் மாலை வரை வீட்டை விட்டு அகலாமல் காத்திருப்பார். அழைப்பு கிடைத்ததும் குரல் உயர்த்திப் பேசுவார். தொலைவுக்கு ஏற்பக் குரலும் உயர வேண்டும் என்ற நம்பிக்கை அக்காலத்தார்க்கு இருந்தது. கம்பியின் தரமும் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. மூன்று நிமிடம் முடிந்தது என்று இடையில் ஒரு குரல் அறிவிக்கும். சொல்ல நினைத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும்.

1960-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இலக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே சந்தாதாரரே எண்ணைச் சுழற்றி நேரடியாகப் பேசும் வசதி நாட்டிலேயே முதன்முறையாக ஏற்பட்டது. பின்னாளில் மூன்று எழுத்துகளாகச் சுருங்கி எஸ்.டி.டி. என்று நாடெங்கும் வழங்கிய வசதி இதுவே. அவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 80 கிலோமீட்டர். அந்த 80 கிலோமீட்டரில், இடையே நின்ற இணைப்பாளரின் குரல் முதன்முறையாக விலகிக்கொண்டது.

இனி இரண்டாம் காலம், விண்ணப்பதாரரின் காலம். விடுதலைக்குப் பிறகு நடுத்தர வகுப்பார்க்கும் தொலைபேசி தேவைப்பட்டது. தேவை பெருகிய வேகத்தில் இணைப்புகள் பெருகவில்லை. எனவே காத்திருப்போர் பட்டியல் தோன்றியது. பட்டியலிலும் வகுப்புகள் உண்டு. பெருந்தொகையை முன்பணமாகச் செலுத்துவோர் சொந்தத் தொலைபேசித் திட்டத்தில் முன்னே செல்லலாம். டாக்டர் முதலிய சில தொழிலினர் சிறப்புப் பிரிவில் சேரலாம். எஞ்சியோர் பொதுப் பிரிவில் நின்று பொறுத்திருக்க வேண்டும். 1991-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டிலிருந்த இணைப்புகள் சுமார் 50 லட்சம். பட்டியலில் காத்து நின்றோர் ஏறத்தாழ 20 லட்சம். ஐந்து பேர் பேசினால், இருவர் வாசலில் நின்றனர் என்று பொருள்.

எங்கள் தந்தையாரும் அந்த 20 லட்சத்தில் ஒருவர். நாகபுரியில் மைய அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றிய அவர், 1986-இல் விண்ணப்பித்தார். பணம் கட்டிய ரசீதை இரும்புப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருந்தார். ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் பெட்டியைத் துடைத்து அடுக்கும்போது அந்த ரசீதையும் எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார். கருவி வந்தது 1993-இல். அவ்வேழாண்டுகளும் கும்பகோணத்திலிருந்து பாட்டனார் அழைத்தால், அழைப்பு எதிர் வீட்டுக்குத்தான் வரும். எதிர் வீட்டு அம்மாள் மாடியிலிருந்து குரல் கொடுக்க, எங்கள் தாயார் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார். நம் வீட்டு இன்பதுன்பங்களை அயல் வீட்டுக் கூடத்தில், அவர்கள் எதிரே நின்று கேட்க வேண்டும். பாட்டியார் இறந்த செய்தியை எங்கள் தந்தையார் அவ்வாறுதான் கேட்டார். அழக்கூட இடமின்றி நன்றி கூறிவிட்டுப் படியிறங்கி வந்தார்.

இவ்வாறு ஒரு தொலைபேசியை ஒரு தெருவே பயன்படுத்தியது நட்புக்குச் சான்று. ஆனால் இயந்திரத்திற்குச் சுமை. 1960-களில் பெல்ஜிய நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன் பெங்களூர்த் தொழிற்சாலை குறுக்குத் தண்டு முறை இணைப்பகங்களைச் செய்யத் தொடங்கியது. ஐரோப்பாவில் ஒரு வீட்டுத் தொலைபேசி ஒரு நாளில் சில முறையே பயன்படும். அக்கணக்கை மனத்திற்கொண்டு வகுத்த இயந்திரம், இந்தியத் தெருவின் பேச்சைத் தாங்க இயலாமல் திணறியது. எண்ணைச் சுழற்றினால் ஒலியே இராது. ஒலி வந்தால் வேறொரு வீடு பேசும். சரியான வீடு பேசினால், மூன்றாமவர் இருவரின் உரையாடல் ஊடே கேட்கும். நாம் அதை நிருவாகத்தின் சோம்பல் என்றே எண்ணி வந்தோம். சோம்பலும் இருந்தது, ஆயினும் கருவி குறைவாகவும் பேச வேண்டியவர் மிகுதியாகவும் இருந்ததே அடிப்படைக் காரணம்.

அக்காலத்தில் 198 என்ற எண்ணைச் சுழற்றிக் கோளாறு பதிவு செய்வோம். எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். எடுத்தவரும் கனிவாகப் பேசுவார் என்ற உறுதி இல்லை. மழைக்காலத்தில் பூமிக்கடியில் செல்லும் கம்பியில் நீர் புகுந்தால், வாரக்கணக்கில் கருவி ஊமையாகிவிடும். ஆயினும் என்றேனும் ஒரு நாள் லைன்மேன் சைக்கிளில் வருவார். தோளில் ஒரு பை, கையில் சோதனைக்குரிய பேசுகருவி. அவர் பெயர் தெருவில் எல்லோர்க்கும் தெரியும். தேநீரும் தீபாவளிக்கு இனாமும் அவர் எதிர்பார்ப்பார். இனாம் கொடுப்பது முறையன்று என்று தந்தையார் வாதாடுவார். தாயார் கொல்லைப்புறமாகக் கொடுத்துவிடுவார். குறை கூறவும் கெஞ்சவும் சண்டையிடவும் மறுமுனையில் ஒரு முகம் இருந்தது. அம்முகத்தின் மதிப்பை நாம் அன்று உணரவில்லை.

மாற்றம் 1980-களில் தொடங்கியது. 1984-இல், சாம் பிட்ரோடாவின் முயற்சி முன்னின்ற சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு நிலையத்தை அரசாங்கம் ஏற்படுத்தியது. குளிர்பதன அறை வேண்டாது, நம் வெயிலையும் புழுதியையும் தாங்கவல்ல சிற்றூர் இணைப்பகம் ஒன்றை இளம் பொறியாளர் அங்கு உருவாக்கினர். அது 1986-இல் கருநாடகத்துக் கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. நம் தேவைக்கு நாமே அளவெடுத்துத் தைத்த சட்டை என்று இதனைக் கூறலாம்.

அதே காலத்தில்தான் மஞ்சள் பலகைகள் முளைத்தன. கடைத்தெருவில், பேருந்து நிலையத்தில், மருத்துவமனை வாசலில் எஸ்.டி.டி. கூண்டுகள் தோன்றின. அவற்றை நடத்தும் வாய்ப்பில் உடல் ஊனமுற்றோர்க்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. வசூலில் ஒரு பங்கு அவர்களுக்குக் கழிவாகக் கிடைத்தது. கண்ணாடிக் கதவை மூடிக்கொண்டால், அழவும் சிரிக்கவும் இடம் உண்டு. எதிரே சிவப்பு எண்கள் ஓடும்; பேச்சின் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் விலை கண்ணெதிரே ஏறும். இரவு முதிர முதிரக் கட்டணம் குறையுமாதலால், ஊரை விட்டு வந்து உழைப்போர் உண்டு முடித்துக் கூண்டின் முன் வரிசையில் நிற்பர். பீகாரிலிருந்து வந்த தச்சரும், ஒரிசாவிலிருந்து வந்த சமையற்காரரும், தமிழ்நாட்டிலிருந்து வந்த எழுத்தரும் ஒரே வரிசையில் நின்று, தத்தம் தாயுடன் தத்தம் மொழியில் பேசிச் சென்றனர். சொந்தமாகக் கருவி இல்லாதவருக்கும் அதன் பயன் கிட்டும் என்று காட்டியவை அக்கூண்டுகளே.

மூன்றாம் காலம் ஒரு சிறு உரையாடலில் பிறந்தது. 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார். நாட்டின் முதல் கைப்பேசி உரையாடல் அது. தொடக்கத்தில் அழைப்பவர் மட்டுமல்லாது அழைக்கப்படுபவரும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. மணி ஒலித்தால் மகிழ்வதற்குப் பதில், எவ்வளவு ஆகுமோ என்று அஞ்சும் நிலை. 1997-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. 2003-ஆம் ஆண்டு மே மாதம் முதல் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. அதன் பிறகு கைப்பேசி காட்டுத்தீயெனப் பரவியது. 2015-இல் கைப்பேசி இணைப்புகள் 100 கோடியைத் தாண்டின. 1947-இன் 80,000-ஐ இதனருகில் வைத்துப் பார்த்தால், இரு தலைமுறைக்குள் நடந்தது என்னவென்று விளங்கும்.

இக்காலத்து மக்கள் கருவியைத் தம் வறுமைக்கேற்ப வளைத்துக்கொண்ட திறம் வியக்கத்தக்கது. மணியை ஒருமுறை ஒலிக்கவிட்டு நிறுத்தினால் வீடு சேர்ந்துவிட்டேன் என்பது பொருள். இருமுறை என்றால் நீ கூப்பிடு என்பது பொருள். மிஸ்டு கால் என்ற பெயரில் காசில்லாத் தந்தி ஒன்றை மக்களே படைத்துக்கொண்டனர். அரசாங்கத்தின் உண்மையான தந்தியோ 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் முடிவுக்கு வந்தது. 2011-ஆம் ஆண்டு ஜனவரி முதல், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் நாடெங்கும் கிடைத்தது. ஒரு காலத்தில் ஏழாண்டு காத்துக் கிடந்தவர் இப்போது நிறுவனத்தையே விட்டுவிட்டு எழுந்து போகலாம். வாடிக்கையாளர் என்ற சொல் பொருளுடன் வழங்கத் தொடங்கியது. பெட்டிக்கடையில் இணைப்பு கிடைத்தது. பத்து ரூபாய்க்குப் பேச்சு கிடைத்தது.

ஆனால் மறுமுனையில் யார்? இங்குதான் பழைய கேள்வி புதிய உருவில் எழுந்தது. குறையைச் சொல்ல அழைத்தால் பதிவு செய்த குரல் வரவேற்கும். மொழிக்கு ஓர் எண், வகைக்கு ஓர் எண், துணைவகைக்கு ஓர் எண் அழுத்தியபின், முதலில் நின்ற இடத்திற்கே நம்மைக் கொண்டுவந்து விடும். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று அக்குரல் பத்தாம் முறை கூறும்போது, அதன் முக்கியத்துவம் நமக்கு நன்றாகவே விளங்கிவிடும். நாம் பேச அழைத்தால் ஆள் இல்லை. நாம் உண்ணும் வேளையில் கடன் வேண்டுமா என்று கேட்க மட்டும் ஆள் உண்டு.

இது வேடிக்கையாகவே இருந்துவிடுவதில்லை. தந்தையார் மறைந்தபின் எங்கள் தாயார் நாகபுரியில் தனியே இருந்தார். நாங்கள் டெல்லியில் பணியில் இருந்தோம். 2017-இல் ஒரு நாள் அவருடைய கைப்பேசி இணைப்பு நின்றுவிட்டது. ஆவணம் சரிபார்க்கப்படவில்லை என்பது காரணம். ஆவணமோ முன்னரே கொடுக்கப்பட்டு, பெற்றுக்கொண்டதாகச் செய்தியும் வந்திருந்தது. நாங்கள் டெல்லியிலிருந்து நிறுவனத்தின் எண்ணை நான்கு நாட்கள் அழைத்தோம். ஒவ்வொரு நாளும் புதிய குரல். புதிய புகார் எண். நான்காம் நாள் மாலை ஒரு குறுஞ்செய்தி வந்தது: புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. இணைப்பு மட்டும் வரவில்லை. அன்றிரவு தாயார் குளியலறை வாயிலில் வழுக்கி விழுந்தார். கையெட்டும் தொலைவில் கைப்பேசி இருந்தது. அதில் உயிர் இல்லை. விடியற்காலையில் பால்காரர் கதவைத் தட்டிப் பார்த்து, அக்கம்பக்கத்தாரை அழைத்தபின்தான் அவருக்கு உதவி கிட்டியது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மருத்துவமனைக் கட்டிலில் தாயார் எவர்மீதும் சினம் கொள்ளவில்லை. "முன்பெல்லாம் கோளாறு என்றால் ஆள் வருவான், இப்போது செய்தி வருகிறது" என்றார். நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை அவ்வளவு சுருக்கமாக நாங்கள் எந்த நூலிலும் படித்ததில்லை.

இனி நான்காம் பெயர்: நுகர்வோர். இது சட்டம் தந்த பெயர். வாடிக்கையாளருக்குக் கடையை மாற்றும் உரிமை உண்டு. நுகர்வோருக்கோ தீங்கு நேர்ந்தால் ஈடு கேட்கும் உரிமை உண்டு. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எளிய மனிதரும் குறைந்த செலவில் முறையிடுதற்கு மாவட்டந்தோறும் மன்றங்களை ஏற்படுத்தியது. ஆனால் தொலைபேசிக்கு அதன் கதவு திறக்குமா என்பது நெடுநாள் ஐயமாக இருந்தது.

கோழிக்கோட்டில் ஒருவரின் தொலைபேசி, கட்டணம் செலுத்தவில்லை என்று துண்டிக்கப்பட்டது. அவர் நுகர்வோர் மன்றத்தை நாடினார். இணைப்பைத் திரும்ப வழங்குமாறும், 5,000 ரூபாய் ஈடு தருமாறும் மன்றம் ஆணையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் 7-பி பிரிவு, இத்தகைய பூசல்களை மைய அரசு நியமிக்கும் நடுவரே தீர்க்க வேண்டும் என்று கூறியது. ஆகவே நுகர்வோர் மன்றத்திற்கு இதில் அதிகாரம் இல்லை என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் முதல் தொலைபேசி மணி ஒலித்த மூன்றாம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், கைப்பேசிக் காலத்து மனிதரின் கதவை அடைத்து நின்றது. பெயர் நுகர்வோர் என்றாயினும், நிலை பழைய விண்ணப்பதாரர் நிலையே.

இதற்கிடையில் ஒழுங்குமுறை ஆணையம் 2012-இல் விதிகள் வகுத்தது. ஒவ்வொரு நிறுவனமும் புகார் மையம் வைக்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் தர வேண்டும். தீர்வில் நிறைவு கொள்ளாதவர் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம் என்பன அவ்விதிகள். இவை நல்லவையே. ஆயினும் குறை செய்தவரிடமே குறையை மீண்டும் கூறும் ஏற்பாடு இது. அதற்கு அப்பால் ஒரு வாசல் வேண்டியிருந்தது.

அவ்வாசல் அகமதாபாத்திலிருந்து திறந்தது. அந்நகரில் மாதந்தோறும் சராசரியாக 555 ரூபாய் கட்டணம் செலுத்தி வந்த ஒருவருக்கு, 2013-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாதத்திற்கு 24,609 ரூபாய் என்று கணக்கு வந்தது. அவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்தை நாடினார். மன்றத்திற்கு அதிகாரம் இல்லை என்று நிறுவனம் வாதாடியது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. தந்திச் சட்டத்தின் நடுவர் முறை, நுகர்வோர் மன்றத்தின் அதிகாரத்தைப் பறித்துவிடாது என்று தீர்ப்புரைத்தது. 1885-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், தான் அமைக்கும் பூசல்தீர்வு முறை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள உரிமையைப் பாதிக்காது என்று எழுத்திலேயே வைத்துள்ளது. 1881-இல் உரிமம் பெற்ற நான்கு நகரங்களுள் ஒன்றிலிருந்து, 141 ஆண்டுகள் கழித்து, சந்தாதாரருக்கும் ஓர் உரிமம் கிடைத்தது என்று நாம் கொள்ளலாம்.

நேயர்களே, பழங்காலம் பொற்காலம் என்று கூறுவது எங்கள் கருத்தன்று. ஏழாண்டு காத்திருப்பும், அயல் வீட்டுக் கூடத்தில் அடக்கிய கண்ணீரும் எவர்க்கும் மீண்டும் வேண்டா. கருவி எளியோர் கைக்கு வந்தது பெரும்பேறே. ஆனால் கருவி வந்த வேகத்தில் பொறுப்பு வரவில்லை. அன்று கருவி அரிது, முகம் எளிது. இன்று கருவி எளிது, முகம் அரிது. மறைந்துபோன முகத்திற்கு ஈடாக நம் கையில் உள்ளது சட்டம் ஒன்றே. சட்டமோ தானே மணியடித்து நம்மை அழைப்பதில்லை. அதனை நாம்தான் அழைக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை பதிவு செய்த குரலோடு நேயர்கள் போராட நேரும்போது, சலித்துக் கருவியை வைத்துவிட வேண்டா. புகார் எண்ணைக் கேட்டு, நாளும் நேரமும் சேர்த்துக் குறித்து வையுங்கள். தீராத குறை தீர்ந்ததாகச் செய்தி வந்தால், அச்செய்தியையும் அழிக்காது வையுங்கள். மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கும் மறுமொழி இல்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. எங்கள் தந்தையாரின் ரசீது இன்றும் அந்த இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதன்மேல் 2017-ஆம் ஆண்டின் நான்கு புகார் எண்களை எழுதிய தாளையும் மடித்து வைத்துள்ளோம். அன்று அவ்வெண்களை எங்கே கொண்டு செல்வது என்று நாங்கள் அறியவில்லை. இதனைக் கேட்போர் அறிந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.